293 என்ற எண்ணுக்குப் பின்னால்



2021-இல் கொரோனா தடுப்பூசி போடப்பட்ட நாட்களில், சபையார் சிலர் கலக்கத்தோடு என்னிடம் கேட்டார்கள்: “ஐயா, கோவிஷீல்டு ஒரு சிசுவின் உயிரணுக்களைக் கொண்டு செய்யப்பட்டதாமே, போட்டுக்கொள்வது பாவமாகுமா?” இதற்குப் பதில் சொல்லுமுன் அந்த உயிரணுக்களின் வரலாற்றை அறிவது நலம்.

மனித உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்தால், ஏறத்தாழ 50 முறை பிரிந்தபின் அவை ஓய்ந்துவிடும். 1973-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில், அலெக்ஸ் வான் டெர் எப் என்பவரின் ஆய்வகத்தில், கனடா நாட்டவரான ஃபிராங்க் கிரகாம் இந்த எல்லையைத் தாண்ட முயன்றார். பிறவாத ஒரு சிசுவின் சிறுநீரக உயிரணுக்களுக்குள் அடினோ வைரஸின் மரபணுத் துண்டுகளைச் செலுத்தினார். பல முயற்சிகளுக்குப்பின் ஒரு திரள் மாத்திரம் ஓயாமல் பெருகியது. உள்ளே பதிந்த வைரஸ் துண்டு, பிரிதலைத் தடுக்கும் காவலைச் செயலிழக்கச் செய்திருந்தது. அது கிரகாமின் 293-ஆம் சோதனை. ஆகவே அதற்கு ஹெக் 293 என்று பெயராயிற்று.

இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் அதன் சந்ததி வாழ்கிறது. கோவிஷீல்டின் வைரஸும் அவ்வழிவந்த உயிரணுக்களிலேயே பெருக்கப்பட்டு, பின்பு அவற்றிலிருந்து பிரித்துச் சுத்திகரிக்கப்பட்டது.

அந்தச் சிசு கருக்கலைப்பினால் உலகைக் காணாமற்போனது என்பதே பொதுவான கருத்து. ஆனால் அதன் காரணமோ, தாயின் பெயரோ ஏடுகளில் எஞ்சவில்லை. சோதனையின் எண் நிலைத்தது. பிள்ளைக்குப் பெயரே இல்லை.

சங்கீதம் 139:13-இல் நமது வேதாகமம் “உள்ளிந்திரியங்கள்” என்று மொழிபெயர்த்திருக்கும் எபிரெயச் சொல்லின் நேர்ப்பொருள் சிறுநீரகங்கள் என்பதே. தாயின் கர்ப்பத்தில் அவற்றை உருவாக்கினவர் அந்தப் பிள்ளையையும் அறிவார்.

நான் அந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டேன். கேட்டவர்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்தச் சிசுவின் மரணத்தில் நமக்குப் பங்கில்லை. அயலானின் உயிரைக் காப்பதோ நமது கடமை. ஆயினும் விளைந்த நன்மை, நடந்ததை நியாயப்படுத்தாது. யோசேப்பின் சகோதரர் செய்த தீமையைத் தேவன் நன்மையாக முடியப்பண்ணினார். அதனால் அவனை விற்றது நீதியாகிவிடவில்லை. ஆகவே நன்றியோடு பெறுவோம், மறவாமல் பெறுவோம். இத்தகைய கேள்வி எழாத வழிகளை விஞ்ஞானிகள் கண்டடையவும் ஜெபிப்போம்.

ஜெபம்: பெயரற்றவர்களையும் பெயர் சொல்லி அழைக்கும் பிதாவே, நாங்கள் பெற்ற சுகத்தின் விலையை மறவாத இருதயத்தைத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.