வலியில் உடனிருந்தவர்கள்: அமெரிக்கச் சமூக டூலாக்கள் குறித்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

அமெரிக்காவில் 2023-ஆம் ஆண்டில் உயிருடன் பிறந்த 1,00,000 குழந்தைகளுக்கு 18.6 தாய்மார்கள் என்ற விகிதத்தில் பேறுகால மரணங்கள் பதிவாயின. வெள்ளையினப் பெண்களிடையே இந்த விகிதம் 14.5, கறுப்பினப் பெண்களிடையே 50.3. மருத்துவத்துக்கு உலகிலேயே அதிகமாகச் செலவிடும் நாட்டில், ஒரு பெண் எந்த இனத்தில் பிறந்தாள் என்பதைப் பொறுத்துப் பேறுகால ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறது. வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களிடமும் இந்த இடைவெளி அப்படியே நிற்கிறது.

இதைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய பேச்சில் கடந்த பதினைந்து ஆண்டுகளாக அடிக்கடி கேட்கும் சொல் ‘டூலா’. பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இது. டூலா மருத்துவரும் அல்லர், மருத்துவச்சியும் அல்லர். அவர் மருந்து கொடுப்பதில்லை, பிரசவம் பார்ப்பதில்லை. கர்ப்ப காலத்தில் வீடு தேடி வருகிறார். வலி எடுத்தது முதல் குழந்தை பிறக்கும் வரை பக்கத்தில் இருக்கிறார். பிறகு பால் கொடுக்கவும் பச்சை உடம்பு தேறவும் துணை நிற்கிறார். தாயின் தெருவிலிருந்தே, அவள் பேசும் மொழியிலேயே வந்து, அவளிடம் காசு வாங்காமல் இதைச் செய்பவரைச் சமூக டூலா என்கிறார்கள்.

இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்வது வரலாற்றுக்கு நியாயம் ஆகாது. ஒரு சமூகத்திடமிருந்து பறிக்கப்பட்ட துணை, ஆய்வுச் சான்றுகளின் வழியே அதனிடமே திரும்பிவந்த கதை இது. அந்தப் பாதையை இக்கட்டுரை தொடர்கிறது. அந்தத் துணை தாயின் உயிரைக் காக்கும் இடம் எது என்பதையும் ஆராய்கிறது.

தென் மாநில மருத்துவச்சிகள்

அடிமை முறை இருந்த காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அமெரிக்கத் தென் மாநிலங்களின் கிராமங்களில் பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மருத்துவச்சிகளே. ‘கிரானி மிட்வைஃப்’ என்று அவர்களை அழைத்தார்கள். பாட்டி மருத்துவச்சி என்று சொல்லலாம். கூலி சில டாலர். அதுவும் இல்லாத வீட்டில் ஒரு கோழியோ கொஞ்சம் காய்கறியோ. குழந்தையை எடுத்துக் கொடுத்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிடாது. சமைத்து, துணி துவைத்து, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தாய் எழுந்து நடமாடும் வரை வந்துபோனார்கள்.

1921-இல் நிறைவேறிய ஷெப்பர்டு–டவுனர் சட்டம் தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் மருத்துவச்சிகளுக்கு வகுப்புகள் நடந்தன. அனுமதிச் சீட்டு கட்டாயமானது. ஒவ்வொருவரும் ஒரு பை வைத்திருக்க வேண்டும். உள்ளே கத்தரி, தொப்புள்கொடி கட்டும் நாடா, சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், குழந்தையின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட், வெளுத்த ஏப்ரன், பிறப்புப் பதிவுப் படிவம். சுகாதாரச் செவிலியர் அந்தப் பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாகப் பார்ப்பார். மூலிகை எதுவும் இருந்தால் அனுமதிச் சீட்டுக்கே ஆபத்து. கை சுத்தம் பற்றிய பாடம் உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பல தலைமுறை அனுபவம் உள்ள பெண்ணை எப்போதும் சந்தேகத்துக்குரியவளாகவே நடத்தும் வழக்கமும் அந்தப் பையோடு சேர்ந்தே வந்தது.

ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறைக்காக ஜார்ஜ் ஸ்டோனி எடுத்த ‘ஆல் மை பேபீஸ்’ என்ற பயிற்சிப் படம் 1953-இல் வெளிவந்தது. ஆல்பனி நகரின் மேரி கோலி என்ற மருத்துவச்சி அதில் தம் வேலையைத் தாமே செய்துகாட்டினார். அவருடைய திறமையைப் பாடமாகக் காட்டிய அதே அரசு அமைப்பு, அவரைப் போன்றவர்கள் காலப்போக்கில் மறைந்துபோவார்கள் என்றே திட்டமிட்டது. அலபாமா மாநிலம் 1976-இல் சட்டம் இயற்றி அவர்களுடைய தொழிலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அங்கே பல்லாயிரம் குழந்தைகளின் பிறப்புக்குத் துணை நின்ற தலைமுறையின் கடைசிக் குரல்களில் ஒன்றாக மார்கரெட் சார்லஸ் ஸ்மித்தின் தன்வரலாறு 1996-இல் அச்சேறியது.

மருத்துவமனை தந்ததும் எடுத்துக்கொண்டதும்

1900-இல் அமெரிக்காவில் 1,000 பிறப்புகளுக்கு 6 முதல் 9 தாய்மார்கள் இறந்தார்கள். 1930-களின் பிற்பகுதியிலிருந்து சல்ஃபா மருந்துகள், பிறகு பென்சிலின், இரத்தம் ஏற்றும் வசதி ஆகியவை அந்த மரணத்தை வேகமாக வீழ்த்தின. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுபவர்களோடு இக்கட்டுரைக்கு உடன்பாடில்லை. 1940-இல் 44 விழுக்காடாக இருந்த மருத்துவமனைக்கு வெளியிலான பிரசவம் 1969-இல் 1 விழுக்காடாகச் சுருங்கியது.

ஆனால் மருத்துவமனையின் கதவு தாய்க்கு மட்டுமே திறந்தது. கூட வந்தவர்கள் வெளியே நின்றார்கள். ஸ்கோபோலமின் போன்ற மருந்துகளால் நினைவு கலங்கிய பெண்கள் கட்டிலில் வாரால் கட்டப்பட்டார்கள். 1958-இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ என்ற மகளிர் இதழ் பிரசவ வார்டுகளில் நடக்கும் கொடுமைகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரை நாட்டை உலுக்கியது. கறுப்பினப் பெண்களின் நிலை இன்னும் மோசம். 1960-களின் நடுப்பகுதி வரை பல தென் மாநில மருத்துவமனைகள் அவர்களைச் சேர்க்கவில்லை, அல்லது தனி வார்டில் ஒதுக்கின. இன்று மருத்துவமனை மேல் அவர்களுக்கு உள்ள அவநம்பிக்கைக்கு இந்த நினைவும் ஒரு வேர்.

குவாதமாலாவும் ஹூஸ்டனும்

இழந்தது எது என்று அளந்து காட்டியவர்கள் இரண்டு குழந்தை மருத்துவர்கள்: கிளீவ்லாந்தின் ஜான் கென்னல், மார்ஷல் கிளாஸ். மானுடவியலாளர் டானா ராஃபேல் 1973-இல் தாய்ப்பால் பற்றிய தம் நூலில் பழக்கத்துக்குக் கொண்டுவந்திருந்த ‘டூலா’ என்ற சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குவாதமாலா நகரின் மருத்துவமனை ஒன்றில் பெண்கள் உறவினர் யாருமின்றித் தனியே வலியைக் கடந்தார்கள். அங்கே ஒரு பிரிவினருக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண்ணைத் துணையாக அமர்த்தினார்கள். அவருக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது. கையைப் பிடித்துக்கொள்வது, முதுகைத் தேய்த்துவிடுவது, ஆறுதலாகப் பேசுவது, இவ்வளவுதான் வேலை. 1980-இல் வெளியான முடிவு மருத்துவ உலகத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிக்கல் இல்லாத 20 பிரசவங்கள் கிடைக்கத் துணையுள்ள பிரிவில் 33 பெண்களைச் சேர்த்தால் போதுமாயிற்று. துணையில்லாத பிரிவில் 103 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. அனுமதியிலிருந்து பிரசவம் வரையிலான நேரம் முன்னவர்களுக்கு ஏறத்தாழ 9 மணி; பின்னவர்களுக்கு 19 மணிக்கு மேல்.

1991-இல் ஹூஸ்டன் நகரின் அரசு மருத்துவமனையில் 412 பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. ஒரு பிரிவுக்கு டூலா துணை இருந்தார். இன்னொரு பிரிவில் ஒரு பெண் அறையின் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். தாயிடம் ஒரு சொல்லும் பேசவில்லை, தொடவும் இல்லை. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சிசேரியன் முறையே 8, 13, 18 விழுக்காடு. மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணால்கூட சிசேரியன் ஐந்து விழுக்காட்டுப் புள்ளி குறைந்திருக்கிறது. நம்மை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நாம் தனியாக இல்லை என்ற உணர்வு உடம்புக்குள் எவ்வளவு தூரம் இறங்கி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இருப்பதாகத் தெரியவில்லை.

1992-இல் டூலாக்களுக்கான வட அமெரிக்க அமைப்பு, டோனா, உருவானது. பயிற்சியும் சான்றிதழும் வந்தன. ஆனால் கட்டணம் செலுத்த முடிந்த நடுத்தர வகுப்புப் பெண்களே அந்தச் சேவையைப் பெரிதும் பெற்றார்கள். ஏழைப் பெண்களிடம் நடத்திய ஆய்வின் பயன் அவர்களைத் தாண்டி வேறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

சிகாகோ, 1996

இந்தத் திசையைத் திருப்பிய முயற்சி சிகாகோவில் தொடங்கியது. பின்னாளில் ‘ஹெல்த்கனெக்ட் ஒன்’ என்று பெயர் மாறிய சிகாகோ ஹெல்த் கனெக்‌ஷன் என்ற அமைப்பு, 1996-இல் பதின்பருவத் தாய்மார்களுக்காகச் சமூக டூலாத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விதி எளிமையானது: டூலா அந்தக் குடியிருப்பையே சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவரிடம் எதிர்பார்த்தது படிப்புச் சான்றிதழை அல்ல. பிள்ளை வளர்த்த அனுபவம், பொறுமை, அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கை இவற்றைத்தான். 2005-இல் வந்த ‘எ டூலா ஸ்டோரி’ என்ற ஆவணப்படம் அப்படிப்பட்ட ஒருவரைப் பின்தொடர்ந்தது. தாமும் பதின்பருவத்தில் தாயானவர், வளர்ந்த அதே வட்டாரத்துக்குத் திரும்பிவந்து அங்குள்ள சிறுபெண்களுக்குத் துணை நிற்கிறார்.

இளம் கறுப்பினத் தாய்மார்கள் 248 பேரிடம் சிகாகோவில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2013-இல் வெளியானது. சமூக டூலாவின் துணை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கினார்கள். மற்றவர்களில் 50 விழுக்காட்டினர். நியூயார்க்கின் புரூக்லினில் 2010-இல் ‘பை மை சைட்’ திட்டம் வந்தது. ஆரிகன் மாநிலத்தில் கறுப்பின மருத்துவச்சி மரபை மீட்க ஷாஃபியா மன்றோ 1991 முதல் பாடுபட்டுவந்தார். அந்த உழைப்பின் தொடர்ச்சியாகவே அம்மாநிலத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் டூலாக்களின் பங்கை ஆராயச் சொன்னது. பாட்டி மருத்துவச்சிகளின் பேத்திகள் வேறு பெயரில் மீண்டும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

கூலி என்னும் கேள்வி

நல்ல மனம் மட்டும் வயிற்றை நிரப்பாது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் வழியே டூலாக்களுக்குப் பணம் தர ஆரிகனும் மின்னசோட்டாவும் முதலில் முன்வந்தன. மின்னசோட்டாவின் சட்டம் 2013-இல் நிறைவேறியது. அதே ஆண்டில் அம்மாநில டூலாக்கள் துணை நின்ற 1,079 மெடிக்கெய்ட் பிரசவங்களைப் பற்றிய ஆய்வும் வந்தது. அவற்றில் சிசேரியன் 22.3 விழுக்காடு, நாடு முழுவதும் மெடிக்கெய்ட் பிரசவங்களில் அது 31.5 விழுக்காடு. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் டூலாவின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் முந்தைய சோதனைகள் காட்டிய திசையிலேயே இதுவும் நிற்கிறது.

ஆனால் தொடக்கத்தில் மின்னசோட்டா தந்த தொகை, ஆறு வீட்டு வருகைக்கும் ஒரு பிரசவத்துக்கும் சேர்த்து 411 டாலர். இரவு பகல் பாராமல் போன் வந்ததும் கிளம்ப வேண்டிய, சில சமயம் முப்பது மணி நேரம் உட்கார வேண்டிய வேலை இது. அதனால் பலர் பதிவு செய்யவே முன்வரவில்லை. பின்னர் அது 770 டாலராக உயர்ந்தது. கலிபோர்னியா 2023 ஜனவரி 1 முதல் இந்தச் சேவையைக் காப்பீட்டில் சேர்த்தது. ஏழைத் தாய்க்குத் துணை நிற்பவரும் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் திட்டம் நிலைக்காது என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

உயிர் போகும் நாட்கள்

இப்போது முதன்மையான கேள்விக்கு வரலாம். டூலா தாயின் மரணத்தைத் தடுக்கிறாரா? மேலே கண்ட ஆய்வுகள் சிசேரியன், வலியின் நேரம், தாய்ப்பால் ஆகியவற்றை அளந்தன. மரணத்தை அளக்கும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. ஆகவே டூலா வந்தால் மரணம் குறையும் என்று நேராக முழங்குவது சான்றுக்குப் பொருந்தாது.

விடையைத் தேட வேண்டிய இடம் வேறு. 36 மாநிலங்களில் 2017 முதல் 2019 வரை நிகழ்ந்த 1,018 பேறுசார் மரணங்களை ஆராய்ந்த குழுக்கள் இரண்டு உண்மைகளைக் கண்டன. ஐந்தில் நான்குக்கு மேற்பட்ட மரணங்கள் தவிர்த்திருக்கக்கூடியவை. பாதிக்கு மேற்பட்டவை, பிரசவமாகி ஏழு நாள் கழிந்து ஓர் ஆண்டுக்குள் நிகழ்ந்தவை. அதாவது தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு, எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் நாட்களில்.

அந்த நாட்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விடாத தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, ஒரு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைகிறதா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா, வாழ்க்கையே வெறுத்துப்போகிறதா என்று கேட்பவர் சமூக டூலா. “பிள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்” என்று மருத்துவமனை திருப்பி அனுப்பினால், மறுபடி கூட்டிக்கொண்டு போய் “இவள் சொல்வதைக் கேளுங்கள்” என்று நிற்பவரும் அவரே. கறுப்பினப் பெண்களின் வலியை நம்பாமல் விடும் பழக்கம் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கும்போது, இப்படி ஒரு சாட்சி கூட இருப்பது மருந்துக்கு நிகரானது.

முடிவுரை

உலக நலவாழ்வு நிறுவனம் தன் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், ஒவ்வொரு பெண்ணும் பிரசவத்தின்போது தான் விரும்பும் துணையை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. தமிழ்நாடு 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க வழிசெய்த மாநிலம். 2018–20 கணக்கில் இந்தியாவின் தாய் இறப்பு விகிதம் 1,00,000-க்கு 97; தமிழ்நாட்டில் 54. கிராமச் சுகாதாரச் செவிலியர், இரவு பகல் இயங்கும் ஆரம்பச் சுகாதார நிலையம், ஒவ்வொரு தாய் மரணத்தையும் விசாரிக்கும் முறை எனப் பல காரணங்கள் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கின.

ஆனால் அமெரிக்க அனுபவம் நமக்கும் ஒரு செய்தி வைத்திருக்கிறது. பிரசவ அறைக்குள் ஒருவரை அனுமதிப்பது முதல் படி. வீட்டுக்குத் திரும்பிய பச்சை உடம்புக்காரியை அடுத்த பல வாரங்கள் கவனித்துக் கேட்க, அவள் தெருவிலேயே பயிற்சி பெற்ற ஒருத்தி வேண்டும். அவளுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும். அவள் சொல்வதை மருத்துவமனை மதிக்க வேண்டும். அமெரிக்கா தன் மருத்துவச்சிகளைத் துரத்திவிட்டு, நாற்பது ஆண்டு ஆய்வு செய்து, அவர்களின் வேலையைத் திரும்பக் கூலி கொடுத்து அழைக்கிறது. அவ்வளவு காலத்தை நாமும் இழக்கத் தேவையில்லை.