சிமென்ட் தளத்துக்கு மேலேயே பேவர் பிளாக் போடலாமா? மழைக்கு முன் கவனிக்க வேண்டியவை என்ன?

வீட்டு முன்பக்கம் போட்ட சிமென்ட் தளம் பாசி பிடித்து, ஆங்காங்கே விரிசல் விட்டிருக்கும். "எதுக்கு உடைக்கணும்? மேலேயே பேவர் பிளாக் போட்டுடலாம்" என்பார் மேஸ்திரி. உடைக்கிற கூலியும், கட்டட இடிபாடு அள்ளுற செலவும் மிச்சம்தான். ஆனால் சரியாகப் பார்க்காமல் போட்டால், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

உடைக்காமல் போட முடியுமா?

முடியும். உறுதியான காங்கிரீட் நல்ல அடித்தளம்தான். மெல்லிய விரிசல்கள் இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் தளம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தாலோ, தட்டினால் பொத்தல் சத்தம் வந்தாலோ அந்தப் பகுதியை உடைத்துச் சரி செய்தே ஆக வேண்டும். அடியில் அசையும் தளம், மேலே இருக்கும் கல்லையும் அசைக்கும்.

எவ்வளவு உயரும்?

பேவர் பிளாக்குகளுக்கு ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தர விதி உள்ளது. நடக்க மட்டும் என்றால் 50 மி.மீ., கார் நிற்கும் இடம் என்றால் 60 மி.மீ. தடிமன் கல் பொதுவான தேர்வு. அதற்குக் கீழே 25 மி.மீ. மணல். ஆக, கார் நிற்கும் இடம் 85 மி.மீ. உயரும், அதாவது 3 இன்ச்சுக்கும் மேல். இதனால் கேட் தரையில் இடிக்கலாம், வாசற்படி தாழ்ந்துவிடலாம். சம்ப், சேம்பர், மழைநீர் சேகரிப்புக் குழி மூடிகளையும் உயர்த்த வேண்டும். அவற்றை மூடிவிட்டு மேலே கல் பதிக்கக் கூடாது.

தண்ணீர் எங்கே போகும்?

பேவர் பிளாக் போட்டால் மழைநீர் நிலத்துக்குள் இறங்கிவிடும் எனப் பலர் நினைக்கிறார்கள். அடியில் காங்கிரீட் இருந்தால் அது நடக்காது. இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் பழைய தளத்தின் மேலேயே தேங்கும். மணல் ஊறி கல் ஆடும், ஈரம் சுவரில் ஏறும். எனவே பழைய தளத்தின் வாட்டம்தான் முக்கியம்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வாளி தண்ணீர் போதும். பழைய தளத்தில் ஊற்றிப் பாருங்கள். தெரு அல்லது மழைநீர் குழி பக்கம் ஓடினால் நல்லது. வீட்டுப் பக்கம் வந்தாலோ, குளம் கட்டினாலோ முதலில் வாட்டத்தைச் சரி செய்ய வேண்டும். அடிக்கு கால் இன்ச் சரிவு என்றால், 10 அடிக்கு இரண்டரை இன்ச் இறக்கம் இருக்க வேண்டும்.

எப்படிப் பதிக்க வேண்டும்?

* பள்ளங்களை சிமென்ட் கலவையால் நிரப்ப வேண்டும். மணலைக் கூடுதலாகக் கொட்டிச் சமன் செய்தால் அந்த இடம் பிறகு இறங்கும்.

* தளத்தின் தாழ்வான இடங்களில் 2 இன்ச் துளை போட்டு, சிறு ஜல்லி நிரப்பி, மணல் இறங்காதபடி ஜியோ டெக்ஸ்டைல் துணியால் மூடலாம். வீட்டுச் சுவரை ஒட்டியோ, சம்ப், செப்டிக் டேங்க் மேலேயோ துளை போடவே கூடாது.

* ஓரக் கற்களை சிமென்ட் கலவையில் பதிக்க வேண்டும். இந்த ஓரப் பிடிப்பு இல்லாவிட்டால், கார் திரும்பும்போது கற்கள் விலகும். தண்ணீர் வெளியேறும் பக்கத்தில் மட்டும் சிறு இடைவெளி விட வேண்டும்.

* நடுவில் கழுவிய, கரகரப்பான எம்-சாண்ட் ஒரே தடிமனில் பரப்ப வேண்டும். மாவு போன்ற கிரஷர் டஸ்ட் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

* கல் பதித்து, இயந்திரத்தால் அதிர்வு கொடுத்து, இடுக்குகளில் காய்ந்த நைஸ் மணலைப் பெருக்கி நிரப்ப வேண்டும். முதல் மழைக்குப் பிறகு மணல் குறைந்த இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டும்.

எப்போது வேண்டாம்?

வாசற்படி ஏற்கெனவே தாழ்வாக இருந்தால் 3 இன்ச் உயர்த்துவது ஆபத்து. அப்போது தளத்தை உடைத்து இறக்கிப் போடலாம். இல்லையென்றால், குறைந்த உயரத்திலேயே முடியும் பார்க்கிங் டைல்ஸ் ஒட்டலாம்.

வேலையை ஒப்படைக்கும் முன் மேஸ்திரியிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கல்லுக்கு அடியில போற தண்ணி, எந்த வழியா வெளியே வரும்?" அவர் இடத்தைக் கைகாட்டிச் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.