மேரும் மேயரும்

நம்மூரில் என் வயதுக்காரர்களுக்கு 'மேரி' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் இருந்த நகராட்சிக் கட்டடம். பிள்ளை பிறந்தாலும், கல்யாணம் ஆனாலும், வீட்டில் பெரியவர் கண்ணை மூடினாலும் 'எத்தா சிவில்' பதிவுக்காக அங்கே போக வேண்டும். அந்த இடத்துக்குத் தலைவர் 'மேர்'. சென்னைக்குப் போனால் அதே பதவிக்கு 'மேயர்' என்று பெயர்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரியும். 'பெரியவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல் பிரெஞ்சில் மேர் ஆனது. பிரெஞ்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போய் மேயர் ஆனது. சொல் ஒன்றுதான், ஆனால் அந்த இரண்டு நாற்காலிகளும் ஒன்றல்ல. நம் நாட்டுப் பெருநகரங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பாதியாவது இந்த வேறுபாட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறிய வாசலில் உள்ள பெயர்ப் பலகையைப் பார்க்க மாட்டான். மூன்று விஷயங்களைப் பார்ப்பான். கோப்பு கடைசியாக யார் மேசைக்குப் போகிறது? பணம் கொடுக்கும் உத்தரவில் யார் கையெழுத்து? ஊழியரை இடம் மாற்றும் ஆணை யார் பெயரில் வருகிறது? இந்த மூன்றையும் வைத்து நம் பெருநகரங்களின் கதையைப் பார்ப்போம்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-இல் தொடங்கியது. இங்கிலாந்துக்கு வெளியே மிகப் பழைய மாநகராட்சிகளில் ஒன்று என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள், 60 பர்ஜெஸ்கள். ஆங்கிலேயர் மட்டுமல்லாமல் இந்துக்களும் போர்த்துகீசியரும் அதில் இருந்தார்கள். கேட்பதற்கு ஜனநாயகம் போலத் தோன்றும். கம்பெனியின் கணக்கு வேறு. ஊர்ச் சாக்கடைக்கும் சிறைக்கும் பள்ளிக்கும் வரி வசூலிக்க வேண்டும். கம்பெனி நேராகக் கேட்டால் ஜனங்கள் முரண்டு பிடிப்பார்கள். அவர்களில் பெரிய மனிதர்களைக் கொண்டே கேட்க வைத்தால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தது. ஜனங்கள் அப்போதும் எளிதில் கொடுக்கவில்லை. ஆகவே நம் நாட்டில் மேயர் என்ற பதவி பிறந்ததே வரி வசூலின் பொருட்டுத்தான்.

இன்றைய ஏற்பாட்டுக்கு வித்திட்ட ஊர் பம்பாய். 1865-இல் வந்த சட்டம் ஊர் நிர்வாகம் முழுவதையும் ஒரே கமிஷனர் கையில் கொடுத்தது. அந்தப் பதவியில் அமர்ந்தவர் ஆர்தர் கிராஃபோர்ட். சுறுசுறுப்பான மனிதர். சாலை போட்டார், சாக்கடை வெட்டினார், இன்றைக்கும் பேர் சொல்லும் சந்தை ஒன்றையும் கட்டினார். பணத்தையும் தண்ணீராகச் செலவழித்தார். கடன் தலைக்கு மேல் போனதும் வரி கட்டுபவர்கள் 1871-இல் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பலனாக 1872-இல் 64 பேர் கொண்ட மாமன்றம் வந்தது. அதில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வாதத்தில் முன்னால் நின்றவர் இளம் வக்கீலாயிருந்த பிரோஸ்ஷா மேத்தா. அவர் கமிஷனர் பதவியை எடுத்துவிடச் சொல்லவில்லை. வேலை செய்ய ஒரே ஆள் இருக்கட்டும், ஆனால் கடிவாளம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கையில் இருக்க வேண்டும் என்றார். அவருடைய உழைப்பும் சேர்ந்து உருவானதுதான் 1888-ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டம். பல திருத்தங்களோடு மும்பையில் இன்றும் நடப்பில் இருப்பது அதுதான். நிர்வாகம் கமிஷனருக்கு, வரவு செலவை அங்கீகரிப்பது மன்றத்துக்கு என்ற பிரிவினையைப் பிற்பாடு மற்ற ஊர்களும் பின்பற்றின.

இந்த ஏற்பாட்டில் குதிரை ஒருவருடையது, கடிவாளம் இன்னொருவருடையது. கமிஷனரை நியமிப்பது அரசாங்கம். மாற்றுவதும் அரசாங்கம். அவர் யார் முகத்தைப் பார்த்து நடப்பார்? மேத்தா போன்ற ஆளுமை மன்றத்தில் இருந்தவரை கடிவாளம் இறுகியிருந்தது. பிறகு தளர்ந்தது.

இன்னொரு வழக்கமும் பம்பாயில்தான் தொடங்கியது. 1896-இல் அங்கே பிளேக் வந்தது. நெரிசலான சந்துகளை இடித்து அகலச் சாலை போட, 1898-இல் 'சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' என்று தனி அமைப்பு ஒன்றை அரசாங்கம் ஏற்படுத்தியது. பெரிய வேலை வந்தால் மாநகராட்சியிடம் கொடுக்காதே, புதிதாக ஒரு வாரியம் உண்டாக்கு என்ற பாடத்தை அரசாங்கங்கள் அன்று கற்றுக்கொண்டன. இன்றுவரை மறக்கவில்லை.

கல்கத்தாவின் கதை வேறு விதமானது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தலையெடுத்ததைப் பொறுக்காமல் 1899-இல் வந்த மெக்கன்சி சட்டம் அவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தது. சுரேந்திரநாத் பானர்ஜி உட்பட 28 பேர் ஒரே நேரத்தில் பதவியை விட்டு வெளியேறினார்கள். அதே சுரேந்திரநாத் மந்திரியான பிறகு 1923-இல் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். அதன்படி 1924-இல் சித்தரஞ்சன் தாஸ் மேயரானார். தலைமை நிர்வாக அதிகாரியாக சுபாஷ் சந்திர போஸ் அமர்ந்தார். வயது 27. சம்பளத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். மன்றத்துக்கு நம்பிக்கையான ஆளே நிர்வாகத் தலைவர் என்றால் கோப்பும் கொள்கையும் ஒரே திசையில் போகும். சில மாதங்கள் அப்படி நடந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வெள்ளைக்கார அரசாங்கம் சுபாஷைக் கைது செய்தது, பிறகு மாண்டலேவுக்கு அனுப்பியது. பல பத்தாண்டுகள் கழித்து, 1980-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் கல்கத்தா 'மேயர்-இன்-கவுன்சில்' முறைக்கு வந்தது. மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் ஒரு மந்திரிசபை போல நிர்வாகத்தை நடத்துவார்கள். இந்தியப் பெருநகரங்களில் மேயர் மேசைக்கு உண்மையாகவே கோப்பு போகும் இடம் ஒன்று உண்டென்றால் அது அங்கேதான்.

சென்னைக்குத் திரும்புவோம். 1919 சட்டத்துக்குப் பிறகு பிட்டி தியாகராய செட்டியார் மாநகராட்சித் தலைவரானார். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றம் முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஓரணாவையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பசியோடு வருகிற பிள்ளை பள்ளியில் தங்காது என்று ஒரு கோப்பில் யார் எழுதுவார்? எந்தப் படிவத்திலும் அதற்குப் பத்தி இல்லை. ஓட்டுக் கேட்டுத் தெருவில் நடந்தவனுக்குத்தான் அது கண்ணில் படும்.

1933-இல் தலைவர் என்ற பெயர் மாறி மேயர் என்ற பெயர் திரும்ப வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் மேயரானார். அங்கியும் சங்கிலியும் வந்தன, கோப்பு மட்டும் கமிஷனர் அறையில்தான் முடிந்தது.

1973-இல் மஸ்டர் ரோல் ஊழல் வெளிப்பட்டு மன்றம் கலைக்கப்பட்டது. செய்யாத வேலைக்கு, இல்லாத ஆட்களின் பெயரில் கூலி எழுதிய விவகாரம். குற்றம் உண்மையானது, நடவடிக்கையும் தேவையானதே. ஆனால் அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. 23 ஆண்டுகள்! திருடனைப் பிடிக்க வீட்டைப் பூட்டியவர்கள் வீட்டுக்காரனுக்கும் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் ஊர் வீங்கியது. 1971-இல் சுமார் 25 லட்சமாயிருந்த நகர மக்கள்தொகை 1991-இல் 38 லட்சமானது. ஏரிகள் மனைகளாயின. அதைத் தன் வார்டு என்று கேட்க ஒரு உறுப்பினர் இல்லை.

அதே காலத்தில் வேலைகளும் ஒவ்வொன்றாக வெளியே போயின. குடிசைகளுக்கு 1970-லேயே தனி வாரியம். ஊரைத் திட்டமிட எழுபதுகளின் நடுவில் பெருநகர வளர்ச்சிக் குழுமம். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் 1978-இல் தனி வாரியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். விளைவை மட்டும் பாருங்கள். ஒரு துறை போட்ட சாலையை இன்னொரு துறை தோண்டும். மழை பெய்தால் தண்ணீர் நிற்பது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் நாலு அலுவலகங்களின் முகவரி கிடைக்கும். திட்டுவதற்கு மட்டும் மேயர் இருப்பார்.

அதிகாரிகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன்தான். பிளேக் காலத்திலும் புயல் காலத்திலும் ராத்திரி பகலாக நின்றவர்கள் அதிகாரிகளும் ஊழியர்களும்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எல்லாரும் தியாகராய செட்டியாரும் அல்லர். ஆனால் அதிகாரி தவறு செய்தால் மாற்றல் ஆகிப் போய்விடுவார். உறுப்பினர் தவறு செய்தால் அதே தெருவில் குடியிருந்து பதில் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குக்கு ஈடு கிடையாது.

1993 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதைச் சரிசெய்யப் பார்த்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. நகரத் திட்டம், குடிநீர், சாலை என்று 18 பணிகளைப் பட்டியலிட்டது. ஆனால் அந்தப் பணிகளை மாநில அரசு ஒப்படைக்க 'வேண்டும்' என்று எழுதாமல் ஒப்படைக்க 'லாம்' என்று எழுதிவிட்டார்கள். எழுத்தர்களுக்கு அந்த ஒரு விகுதியின் எடை தெரியும். கட்டாயம் என்ற தேர்தலே நடக்கவில்லை என்பது வேறு கதை. சென்னையில் 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லை. அந்தச் சென்னை அப்போது 174 சதுர கிலோமீட்டர் ஊர் அல்ல, 2011-இல் 426 ஆக விரிந்த ஊர். மும்பையில் 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் கமிஷனரே எல்லாமாக இருந்தார். மேத்தாவின் சிலை அந்த மாநகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே நிற்கிறது.

இனி நம் மேர். 1880 மார்ச் 12-ஆம் தேதியிட்ட ஆணை பிரெஞ்சிந்தியாவில் 10 கொம்யூன்களை ஏற்படுத்தியது. 1907-இல் அவை 17 ஆயின. மேர் மன்றத்துக்கும் தலைவர், நிர்வாகத்துக்கும் தலைவர். கோப்பு அவர் மேசைக்குத்தான் போகும். எத்தா சிவிலில் கையெழுத்தும் அவருடையது. மேலே கவர்னரின் கண்காணிப்பு உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஓட்டுப் பட்டியலில் செய்த தில்லுமுல்லும், தேர்தல் நாளில் நடந்த அடிதடியும் நம் தாத்தாமார் சொல்லக் கேட்டவைதாம். ஆனால் ஊருக்கு யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இருந்ததில்லை.

அந்தப் பதவிகளின் மதிப்புக்கு ஒரு சாட்சி போதும். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடி இந்தியாவோடு சேர்வதா என்று வாக்களித்த 178 பேர் யார்? பிரதிநிதித்துவ சபையின் உறுப்பினர்களும் கொம்யூன்களின் நகராட்சி உறுப்பினர்களும். அவர்களில் 170 பேர் சேர்வோம் என்றார்கள். நாம் எந்த நாட்டுக்காரர் என்பதை முடிவு செய்தது அவர்களுடைய ஓட்டு.

பிறகு என்ன ஆயிற்று? 1968-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டு கழித்து 2006-இல். அவர்கள் காலம் 2011-இல் முடிந்தது. இதை எழுதும் வரை வேறு தேர்தல் இல்லை. ஐந்து நகராட்சிகளும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் ஆணையர்கள் கையில் இருக்கின்றன. பழைய மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே வடிவில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். தூண்களெல்லாம் முன்பு போலவே அழகாக இருக்கின்றன. உள்ளே உட்கார வேண்டிய மேர் மட்டும் இல்லை.

இப்போது பேரப் பிள்ளைகளில் முப்பது வயதைத் தாண்டியவர்கள்கூட வார்டு உறுப்பினருக்கு ஓட்டுப் போட்டதில்லை. அப்படி ஒருவர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. சாக்கடை அடைத்தால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறார்கள். சட்டம் இயற்ற வேண்டியவர் சாக்கடைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் உங்கள் வாசலுக்கு வந்தாலும், எந்தக் கட்சியானாலும் சரி, உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று முதலில் கேளுங்கள். 1968-இலும் 2006-இலும் வார்டு ஓட்டுப் போட்டவர்கள் நாம்தான். அது நினைவிருப்பவர்கள் ஊரில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.