மிதிவண்டியில் ஏறிய யந்திரம்

திருப்பூரில் ஒரு பனியன் பெரும்பாலும் பல பட்டறைகளைக் கடந்தே உருப்பெறுகிறது. ஓரிடத்தில் நூல் துணியாகும். வேறோரிடத்தில் சாயம் ஏறும். மற்றோரிடத்தில் வெட்டித் தைப்பார்கள். இடையே துணிக்கட்டுகளைச் சுமப்பது யார்? மிதிவண்டியில் ஏற்றினால், பாரம் முழுவதும் மிதிப்பவனுடைய கால்களில் விழும்.

இத்துன்பம் உலகுக்குப் பொது. 1946இல், போரினால் நொந்த ஜப்பானில், ஹமாமத்சு நகரில் சோயிச்சிரோ ஹோண்டா என்பவர், இராணுவக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு யந்திரங்களை வாங்கி மிதிவண்டிகளில் பொருத்தினார். முதல் வண்டிக்குப் பெட்ரோல் கலமாக அமைந்தது எது தெரியுமா? வீட்டிலிருந்த வெந்நீர்க் கலம்!

இத்தகைய வண்டிகளுக்கு ஏற்றது இரு வீச்சு யந்திரம். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்றினால் அது ஓடும். உறுப்புகள் குறைவு, ஆதலால் எடையும் விலையும் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் எண்ணெயும் சேர்ந்து எரிவதால் புகை மிகுதி.

1980இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 'டி.வி.எஸ். 50' வண்டியை வெளியிட்டது. மிதிவண்டிக்குரிய பெடல்கள் அதிலும் இருந்தன. இந்தியாவில் இருவர் அமரக்கூடிய முதல் மொபெட் அதுவே. திருப்பூர்த் தெருக்களிலோ, இரண்டாமவர் இடத்தில் துணிக்கட்டுகள் அமர்ந்தன! 2015இல் வந்த 'எக்ஸ்.எல். 100' நான்கு வீச்சு யந்திரம் பெற்றது, புகை தணிந்தது.

கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. கட்டுகளை ஏற்றி இறக்குவோரின் முதுகுக்கு அது இன்னும் கிட்டவில்லை. அதற்கு வழி காண்பது உங்கள் தலைமுறையின் கடமை.