மான்கொம்புப் பிடிக் கத்திகள்: சேகரிப்பும் உழைப்பின் வரலாறும்

பழம்பொருட் சேகரிப்பை ஓய்வும் வசதியும் படைத்தோரின் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கிவிடுவது ஆய்வாளரிடையே வழக்கமாக உள்ளது. ஆயினும், எப்பொருள் சேகரிக்கப்படுகின்றது, அதில் எது மதிப்புப் பெறுகின்றது, எது கண்ணுக்குத் தெரியாது மறைகின்றது என்ற வினாக்களை எழுப்பின், சேகரிப்பும் வரலாற்று நோக்கிற்குரிய ஒரு சமூக நடவடிக்கையே என்பது புலனாகும். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலே செய்யப்பட்ட மான்கொம்புப் பிடிக் கத்திகளை முன்வைத்து இதனை நாம் ஆராய முற்படுகின்றோம்.

ஷெபீல்ட் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்றமை தற்செயலன்று. விரைந்தோடும் சிற்றாறுகள் நீர்ச்சக்கரங்களைச் சுழற்றின. சுற்றுப்புறக் குன்றுகள் சாணைக்கல்லை வழங்கின. 1624இல் பாராளுமன்றச் சட்டமொன்றின் மூலம் அங்கு கத்தித் தொழிலாளர் கழகம் நிறுவப்பட்டது. 1740களில் பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் மூசையிலே உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டபின், நகரின் அலகுகள் உலகச் சந்தையை எட்டின. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரின் ‘போவி’ கத்திகளுள் பெருந்தொகையானவை ஷெபீல்டிலேயே செய்யப்பட்டன. இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்து வாங்கும் கத்திகளுள் இவையும் அடங்கும்.

பிடிக்கு மான்கொம்பு விரும்பப்பட்டதற்குக் காரணம் உண்டு. மாட்டுக்கொம்பு போலன்றி மான்கொம்பு எலும்பேயாகும். அதன் கரடுமுரடான மேற்பரப்பு ஈரக் கையிலும் வழுக்குவதில்லை. பல மானினங்களின் கொம்பு உள்ளே துளைகள் மலிந்திருக்க, மரையின் கொம்போ செறிவானது. அறுத்துத் தகடாக்கி அலகின் இருபுறமும் தறையலாம். எனவே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொம்புகள் கப்பலேறின. உருக்கு ஷெபீல்டினது, பிடி குடியேற்ற நாட்டுக் காட்டினது. ஒரு சிறு கத்தியிலே ஏகாதிபத்திய வாணிபம் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கின்றது எனின் மிகையாகாது.

நமது மலைநாட்டில் மரைக்கு நேர்ந்ததும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. நுவரெலியாவிலே வாழ்ந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளை மடக்கிக் கத்தியாற் கொன்றதை 1854இல் வெளியிட்ட நூலிற் பெருமிதத்துடன் விவரித்துள்ளார். ஆங்கிலேயர் மரையை ‘எல்க்’ என்றே அழைத்தனர். விலங்கு, அதன் பெயர் ஆகிய இரண்டும் அவர்கள் வசமாயின.

இனி, அலகைச் செய்தோரை நோக்குவோம். உலையில் அடிப்பவர், சாணை பிடிப்பவர், பிடி பொருத்துபவர் எனத் தொழில் பிரிந்திருந்தது. சுழலும் கல்லின் மீது குனிந்திருந்தோரின் நுரையீரலிற் கற்றூளும் உலோகத்தூளும் படிந்தன. நீரின்றிச் சாணை பிடிப்போர் சராசரியாக 35 வயதைத் தாண்டுவது அரிது, நீர்விட்டுச் சாணை பிடிப்போர் 45ஐத் தாண்டுவது அரிது என்ற வைத்தியர் நைற்றின் கணிப்பை 1845இல் வெளிவந்த தமது நூலில் ஏங்கெல்ஸ் எடுத்தாண்டார். தூளை வெளியேற்றும் கருவி இருந்தும் தொழிலாளர் சிலர் அதனை விரும்பவில்லை. சிலவிடங்களில் உடைத்தும் விட்டனர். ஆபத்துக் குறைந்தால் மேலும் பலர் இத்தொழிலுக்கு வருவர், கூலி வீழும் என்று அவர்கள் அஞ்சியதாக ஏங்கெல்ஸ் கூறுகின்றார். இதனை வெறும் அறியாமை எனக் கொள்வது தவறாகும். சாவின் அண்மையே கூலிக்குக் காவலாக நிற்கவேண்டிய நிலையைத் தோற்றுவித்த உற்பத்தி உறவையே நாம் குறைகூறல் வேண்டும்.

இவ்வளவு உயிர்களை விழுங்கிய கத்தியின் அலகில் யார் பெயர் பொறிக்கப்பட்டது? பெரும்பாலும் விற்பனை செய்த நிறுவனத்தின் முத்திரையே. வாடகைக்கு எடுத்த சிறு பட்டறைகளில் உழைத்த ‘சிறு மேஸ்திரிகள்’ எனப்பட்ட கைவினைஞரோ, மெருகிட்ட பெண்களோ அதில் இடம்பெறவில்லை. இன்றைய சேகரிப்பாளர் முதலில் உற்றுநோக்குவது அம்முத்திரையையே. அடுத்துப் பிடி உண்மையான மான்கொம்பா, சாயமூட்டிச் செதுக்கிய மாட்டெலும்பா என்று பார்ப்பர். 1990களின் இறுதியில் இந்தியா மான்கொம்பு ஏற்றுமதியைத் தடைசெய்தபின் உண்மைக் கொம்பு அரிதாயிற்று. அருமை விலையை உயர்த்திற்று. பயன்மதிப்பு ஒழிந்து பரிவர்த்தனை மதிப்பு மட்டும் எஞ்சிய பொருளாகக் கத்தி கண்ணாடிப் பேழைக்குள் உறங்குகின்றது.

ஆனால் சேகரிப்பு அனைத்தையும் இவ்வாறு மறுத்துவிட முடியாது. ஷெபீல்டிற் கருவிக் கடை நடத்திய கென் ஹோலி (1927-2014) பல்லாண்டுகளாகத் திரட்டியவற்றை நோக்குக. முழுமைபெற்ற கருவிகளுடன், அரைகுறையாக நின்ற கருவிகள், அவற்றைச் செய்யப் பயன்பட்ட சாதனங்கள், விலைப்பட்டியல்கள், தொழில் செய்முறைகளைக் காட்டும் படங்கள் ஆகியவற்றையும் அவர் பேணினார். அத்தொகுதி இன்று அந்நகரின் கெல்ஹம் தீவு நூதனசாலையிற் காட்சிக்கு உள்ளது. முடிந்த பொருள் விற்றவரைக் காட்டுகின்றது. முடியாத பொருளோ செய்தவரைக் காட்டுகின்றது. சேகரிப்பு வரலாறாகும் இடம் இதுவே.

இவ்வுண்மை நமக்கும் உரியது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், பொருள்களுடன் கைவினைஞரின் செய்முறைகளையும் சமூக அமைப்பையும் பதிவுசெய்தமையாலேயே இன்றும் பயன்படுகின்றது. நமது வீடுகளிலே பழைய பாக்குவெட்டிகள் அழகுப் பொருள்களாகப் பேணப்படுகின்றன. அவற்றை அடித்த கொல்லுலைகளையும், சீவல் தொழிலாளரின் பாளைக்கத்தியையும், அதனைத் தீட்டிய முறையையும் பதிவுசெய்ய நாம் எத்துணை முயன்றோம்? பாக்குவெட்டிக்குக் கிடைத்த இடம் பாளைக்கத்திக்குக் கிடைக்காமைக்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமன்று, சாதியும் காரணமாகும். கத்தியைச் சேகரிப்போர் அதைப் பிடித்திருந்த கையையும் தேடுவாராக. அக்கையின் சுவடு மறையுமுன் அதனைப் பதிவுசெய்தல் நமது கடமையாகும்.