இரண்டு கிரகணங்கள்

சூரிய கிரகணத்தை ஊர் கூடித் திருவிழாவாகக் கொண்டாடிய ஒரு காலைப்பொழுதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் சம்மதம் இல்லாமல் எழுத முடியாத விஷயம் ஒன்று அதில் இருந்ததால் தள்ளிப்போய்க்கொண்டே வந்தது. போன வாரம் கேட்டேன். "எழுதுங்க, இத்தனை வயசுக்கு மேல அதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

முதலில் 1980. பிப்ரவரி 16, சனிக்கிழமை. எனக்கு 28 வயது. மத்திய அரசு உத்தியோகம், மேற்கு மாம்பலத்தில் ஒண்டுக் குடித்தனம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவிக்கு ஐந்தாம் மாதம்.

அன்றைய முழு கிரகணத்தின் பாதை கார்வார் பக்கம் கரையேறி, கர்நாடகம், ஆந்திரம் வழியாகப் போய் ஒரிசாவில் பூரி, கோனார்க் அருகே கடலில் இறங்கியது. மதராஸில் பகுதி கிரகணம்தான். ஆனாலும் சூரியனில் முக்கால் பங்குக்கு மேல் மறைந்தது. பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் பிடித்து ஐந்து மணி வாக்கில் விட்டது. அந்த இரண்டரை மணி நேரம் ஊர் இருந்த இருப்பை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கடைகள் எல்லாம் அடைப்பு. பஸ்கள் காலியாக ஓடின. எங்கள் தெருவில் நாய்கூட இல்லை. மதராஸ் மட்டும் அல்ல, நாடு முழுவதும் அதே கதைதான். கண் போய்விடும் என்று பத்திரிகைகளும் வானொலியும் சொன்ன எச்சரிக்கை, பழைய பயத்தோடு சேர்ந்துகொண்டது. பெரிய நகரங்களில் தூர்தர்ஷன் பகலிலேயே ஒரு இந்திப் படத்தைப் போட்டு ஜனங்களை வீட்டுக்குள் இருத்தியது.

எங்கள் வீட்டிலும் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டியாயிற்று. தண்ணீர்க் குடம், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் அம்மா தர்ப்பை போட்டாள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்தாள். மனைவியை உள் அறையில் படுக்கவைத்து, "அசையாமல் கிட" என்று சொல்லிவிட்டு வாசல் அறையில் உட்கார்ந்து ஜபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றரை மணி இருக்கும். இவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து சமையலறைக்குப் போய், அரிவாள்மணையில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உப்புப் போட்டுச் சப்பியிருக்கிறாள். அம்மா பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அரிவாள்மணையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

ஜூலையில் பெண் பிறந்தாள், மேல் உதடு பிளந்து. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு: கிரகண மூளி.

நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது அறுவை சிகிச்சை நடந்தது. நல்ல டாக்டர், நன்றாகத் தைத்தார். அவரிடம் என் மனைவி எலுமிச்சம்பழக் கதையைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். "கருவில் உதடு கூடுவது இரண்டாம் மாதத்துக்குள் முடிந்துவிடும் அம்மா. உங்கள் கணக்குப்படி அது போன வருஷம் டிசம்பருக்குள். கிரகணம் வந்தது பிப்ரவரியில். முடிந்துபோன காரியத்தைப் பிறகு வந்த நிழல் எப்படிக் கெடுக்கும்?" இவள் தலையாட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் எலுமிச்சம்பழத்தை நறுக்கவே இல்லை. வீட்டில் ரசம் என்றால் பழத்தை நான்தான் நறுக்கிக் கொடுப்பேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. நம் முன்னோர்களுக்குக் கிரகணம் புரியாமல் இருந்ததா? இல்லை. கி.பி. 499-ல் எழுதிய நூலிலேயே ஆரியபட்டர், சந்திரன் சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் சந்திரனை மறைக்கிறது என்று சொல்லிவிட்டார். நம் பஞ்சாங்கக்காரர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். 1825-ல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரி ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரை உட்காரவைத்துச் சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களை வைத்தே கணித்துவிட்டார். கிரகணம் பிடிக்கும் நேரத்தில் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். தென்னாட்டுக் கல்வெட்டுகளைப் பார்த்தாலோ, கிரகணம் என்பது அரசர்கள் நிலம் தானம் செய்த புண்ணிய காலம். குருக்ஷேத்திரத்திலும் ராமேஸ்வரத்திலும் கிரகண ஸ்நானத்துக்குக் கூட்டம் கூடியது. ஆக, எப்போது வரும் என்று தெரியும், ஏன் வருகிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும், கூட்டமாகக் கூடவும் தெரியும். அண்ணாந்து பார்ப்பது மட்டும்தான் வழக்கத்தில் இல்லை.

பார்த்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நிறமாலைக் கருவியைத் திருப்பினார். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீக்கொழுந்துகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்று அங்கேதான் கண்டுபிடித்தார். சூரியனில் ஹீலியம் இருப்பதைக் காட்டிக்கொடுத்த மஞ்சள் கோடு கவனிக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான். நம்மவர் ஒருவரும் இருந்தார். மதராஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அதே நாளில் வனபர்த்தியில் நின்று கிரகணத்தைப் பதிவு செய்தார். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் வந்தவர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1871 டிசம்பர் 12-ல் நிழல் நம் தமிழ்நாட்டின் மேலேயே விழுந்தது. நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை வழியாக இலங்கைக்குப் போயிற்று. மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் அவினாசியில் முகாம் போட்டார். ஜான்சன் மறுபடியும் வந்து நீலகிரியில் சோலூரில் தங்கினார். 1980-லும் இதே நிலைதான். வைணு பாப்பு போன்ற நம் விஞ்ஞானிகள் கர்நாடகக் கிராமங்களில் கருவிகளோடு காத்திருந்தார்கள். நாமெல்லாம் போர்வைக்குப் பின்னால் இருந்தோம்.

பிறகு பதினைந்து வருஷத்தில் நாடு எப்படி மாறியது? யாரும் ஒரே நாளில் மாற்றவில்லை. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1962-லிருந்தே வேலை செய்துவந்தது. நம் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது. 1987-ல் பாரத ஜன விக்ஞான ஜாதா என்று ஐந்து மூலைகளிலிருந்து கலைக்குழுக்கள் கிளம்பி, பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகப் போயின. பிறகு அறிவொளி இயக்கம் வந்தது. பள்ளி வாத்தியார்களும், வங்கி ஊழியர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் சாயங்கால வேளைகளில் கைக்காசைப் போட்டுச் செய்த வேலை அது. அவர்கள் பெயரெல்லாம் எந்தச் சரித்திரத்திலும் வராது.

அந்த உழைப்பின் பலனை நான் கண்ணால் பார்த்தது 1995 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. அப்போது எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி இருந்தது. லேக் மார்க்கெட் பக்கம், தமிழர்கள் நிறைய இருக்கும் இடத்தில்தான் வீடு. அந்த முழு கிரகணம் ராஜஸ்தானில் நீம் கா தானா வழியாக நுழைந்து, உத்தரப் பிரதேசம், பீகார் தாண்டி, வங்காளத்தில் டயமண்ட் ஹார்பர் வழியாகக் கடலுக்குப் போவதாகக் கணக்கு. கல்கத்தாவில் கிட்டத்தட்ட முழுசாக மறையும், ஆனால் முழுசாக இல்லை. முழுசாகப் பார்க்க ஐம்பது கிலோமீட்டர் தெற்கே போக வேண்டும்.

அலுவலகத்தில் என் மேஜைக்கு எதிரே இருந்த வங்காளி நண்பர் மக்கள் அறிவியல் அமைப்பு ஒன்றில் இருந்தவர். ஒரு மாதமாக அவருக்கு வேறு பேச்சே இல்லை. பளபளவென்று அலுமினியம் பூசிய தாளை அட்டையில் ஒட்டிய கண்ணாடிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து, எப்போது போட வேண்டும், எப்போது கழற்றலாம் என்று பியூனிலிருந்து அதிகாரி வரை பாடம் நடத்தினார். "குடும்பத்தோடு வாருங்கள் தாதா" என்றார். வீட்டில் சொன்னேன். பெரியவளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. துள்ளிக் குதித்தாள். இவள் மட்டும், "நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள். பெண் விடவில்லை. "நீ வந்தாத்தான் நானும் போவேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

முந்தைய இரவு காளி பூஜை. கல்கத்தா தூங்கவே இல்லை. விடியற்காலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போனால், பந்தல்களிலிருந்து நேராக வந்தவர்கள் நெற்றிக் குங்குமத்தோடு ரயிலுக்கு நிற்கிறார்கள். பெட்டிக்குள் நிற்க இடமில்லை. பாட்டிகள், கைக்குழந்தைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லார் கையிலும் அந்த அட்டைக் கண்ணாடி.

டயமண்ட் ஹார்பரில் ஹூக்ளி நதி கடல் மாதிரி அகன்று கிடக்கும். கரை முழுவதும் தலைகள். படகுகளில் ஏறி நின்றவர்கள் வேறு. ஒரு மூலையில் பள்ளிப் பிள்ளைகள் சூரியனாகவும் சந்திரனாகவும் நின்று சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாத்தியார் தொலைநோக்கியிலிருந்து வெள்ளை அட்டையில் பிம்பத்தை விழவைத்து, வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கினார். முக்கியமான விஷயம், சாப்பாடு. கிரகணம் பிடித்திருக்கும்போதே சாப்பிட்டுக் காட்டுவது என்று வைத்திருந்தார்கள். ஜால்முரி வியாபாரிகளுக்கு நல்ல வியாபாரம். பொரியில் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கி, மேலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் ஒரு பொட்டலத்தை என் மனைவியிடம் நீட்டினார். "பௌதி, ஏக்டு கான்" என்றார். அண்ணி, கொஞ்சம் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். இவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். வாயில் போடவில்லை.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் வெயிலின் நிறம் மாறியது. சாயங்கால வெயில் மாதிரி மஞ்சளாக இல்லை, வெளுத்த ஈய நிறம். மரத்தடியில் இலை இடுக்குகள் வழியாக விழுந்த ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் பிறைச்சந்திரனாக இருந்தது. காற்று சில்லென்றாயிற்று. ஆற்றுக்கு மேற்குப் பக்கத்திலிருந்து இருட்டு வந்து விழுந்தது. கடைசித் துளி வெளிச்சம் மின்னியபோது "ஹீரேர் ஆங்டி!" என்று கரை முழுவதும் ஒரே கூச்சல். வைர மோதிரம். வைரத்தின் பெயர் கொண்ட ஊரில் வைர மோதிரம்! உடனே வங்காளிப் பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள். சங்குகளும் முழங்கின. நம் ஊரில் அம்மனுக்கும் கல்யாணத்துக்கும் போடுவது போலவே இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தோம். கறுப்பு வட்டம், அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நீண்ட வெள்ளைச் சிறகுகள். சூரியன் ஓய்ந்திருக்கும் வருஷங்களில் அதன் ஒளிவட்டம் அப்படித்தான் பக்கவாட்டில் நீளும் என்று நண்பர் பிறகு சொன்னார். 1980-ல் பார்த்திருந்தால் எல்லாப் பக்கமும் பூப்போல விரிந்திருக்குமாம். கீழே வெள்ளிக் கிரகம் விளக்கு மாதிரி எரிந்தது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். மறுபடியும் ஒரு மின்னல், பொழுது விடிந்துவிட்டது. பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் இவள் ஜால்முரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெண் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அம்மா, எலுமிச்சம்பழம் போதுமா, இன்னும் பிழியச் சொல்லட்டுமா?" என்றாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்களுக்குத் தெரிந்தது. பாட்டி என்றோ சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டால், வெவ்வேறு ஊர்களில் எடுத்த காட்சிகளோடு பேராசிரியர் யஷ்பால் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டு விளக்கிக்கொண்டிருந்தார். படம் போட்டு ஜனங்களை உள்ளே இருத்திய அதே தூர்தர்ஷன்தான். அன்று ராத்திரி ரசத்துக்கு இவளே பழம் நறுக்கினாள்.

டாக்டரின் கணக்கு சரியானது. ஆனால் அந்தக் கணக்கு பதினைந்து வருஷம் தாளிலேயே இருந்தது. தனியாக ஒரு இருட்டறையில் பிடித்த பயம், ஆயிரக்கணக்கான பேரோடு வெளியில் நின்றபோதுதான் விட்டது. திருவிழா எதற்கு, விளக்கிச் சொன்னால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு வந்த முழு கிரகணங்களில், 1999-ல் குஜராத்திலும் 2009-ல் பீகாரின் தாரேகனாவிலும் கூடிய கூட்டத்தை மழைக்கால மேகம் ஏமாற்றியது. 2019 டிசம்பர் 26 அன்று கங்கண கிரகணம் கோவை, திண்டுக்கல் வழியாக நம் ஊருக்கே வந்தது. அது முழு கிரகணம் இல்லை, நெருப்பு வளையம். பெண் தன் பிள்ளைகளோடு வந்திருந்தாள். திண்டுக்கல்லில் பள்ளி மைதானம் ஒன்றில் நின்று பார்த்தோம். இவள் ஒரு டப்பா நிறைய எலுமிச்சம்பழ சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வளையம் தெரிந்த நேரத்தில் எல்லாருக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள்.

இந்தியாவில் அடுத்த முழு கிரகணம் 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம். எனக்கு அப்போது 82. "குளிருமே" என்கிறாள் இவள். போக மாட்டேன் என்று சொல்லவில்லை.