திருப்பூர்ப் பின்னலாடைச் சிறுதொழில்: வணிக விதி மாற்றங்களும் முன்னேற்பாடும்

நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள திருப்பூர், இந்தியாவின் முதன்மையான பருத்திப் பின்னலாடை ஏற்றுமதி நகரம். இங்கே ஒரு டி-சர்ட் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என ஒவ்வொரு வேலையும் தனித்தனி யூனிட்டுகளில் ஜாப் ஒர்க்காக நடக்கிறது. அதனால் வெளிநாட்டில் ஒரு வணிக விதி மாறினால் அதன் அடி ஏற்றுமதியாளரோடு நிற்காமல், பத்துத் தையல் எந்திரம் போட்டிருப்பவர் வரை இறங்கிவிடுகிறது. இத்தகைய மாற்றங்களைத் தாங்கச் சிறு நிறுவனங்களுக்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் பெரும்பாலும் ஏற்றுமதியாளர் மட்டத்திலேயே நின்றுவிட்டன.

கோட்டா முறை

பருத்தித் துணி வணிகத்துக்கு வரம்பு கட்டும் பன்னாட்டு உடன்பாடுகள் 1961, 1962ஆம் ஆண்டுகளிலேயே வந்துவிட்டன. கம்பளி, செயற்கை இழை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரி 1 முதல் பல்லிழை உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டிலிருந்து, எந்த வகை ஆடை, ஆண்டுக்கு எவ்வளவு வரலாம் என்று அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பிய நாடுகளும் உச்சவரம்பு வைத்தன. இதுவே கோட்டா. ஆடை வகைகளுக்கு எண்கள் உண்டு. பின்னல் டி-சர்ட்டும் சட்டையும் ஐரோப்பியப் பட்டியலில் 4ஆம் வகை; அமெரிக்கப் பட்டியலில் பருத்திப் பின்னல் சட்டைகளில் ஆண்களுக்கானவை 338, பெண்களுக்கானவை 339. திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்த காலம் முழுவதும் இந்த எண்களுக்கு உட்பட்டே நடந்தது.

இந்தியாவுக்குக் கிடைத்த கோட்டாவை உள்நாட்டில் பங்கிடும் பொறுப்பு, 1978இல் அமைக்கப்பட்ட ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்திடம் (ஏ.இ.பி.சி.) இருந்தது. முந்தைய ஆண்டுகளில் அனுப்பிய சரக்கின் கணக்கைப் பார்த்துப் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதி முந்தி விண்ணப்பித்தவருக்கும், இன்னொரு பகுதி சொந்த உற்பத்திக்கூடம் உள்ளவருக்கும், மற்றொன்று கோட்டா இல்லாத நாடுகளுக்கு அனுப்பியவருக்கும் போனது. பழைய கணக்கின்மேல் கிடைத்த கோட்டாவைப் பிறருக்கு மாற்றித்தர முடிந்ததால் அது விலைபோகும் சொத்தாகியது. ஆர்டர் கையில் இருந்தும் கோட்டா இல்லாத புதியவர், பழையவரிடம் காசு கொடுத்து வாங்கித்தான் சரக்கை அனுப்ப வேண்டும். சட்டையில் ஒரு தையல்கூடப் போடாதவருக்கும் அதில் வருமானம் இருந்தது.

ஆனாலும் கோட்டா சிறு நிறுவனங்களுக்குக் காப்புச் சுவராகவே அமைந்தது. சீனா போன்ற பெரிய உற்பத்தி நாடுகளுக்கும் உச்சவரம்பு இருந்ததால் இறக்குமதியாளர்கள் பல நாடுகளைத் தேடி வந்தார்கள். அவ்வாறு வந்த ஆர்டர்களில் ஒரு பங்கு திருப்பூருக்குக் கிடைத்தது.

உலக வணிக அமைப்பு 1995இல் உருவானபோது, பத்தாண்டுகளில் கோட்டாவை அகற்றுவதென முடிவாயிற்று. அப்போதே 16 விழுக்காடு, 1998இல் 17, 2002இல் 18 என விடுவித்து, மீதி 49 விழுக்காட்டைக் கடைசி நாளான 2005 ஜனவரி 1க்குத் தள்ளிவைத்தார்கள். விடுவிக்கும் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இறக்குமதி நாடுகளுக்கே இருந்ததால், உண்மையில் கட்டுப்பாடு இருந்த ஆடைகள் கடைசிவரை தப்பி நின்றன. இந்த இடைவெளியில் இந்திய அரசு 1999 ஏப்ரலில் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தைத் தொடங்கி, புதிய எந்திரத்துக்கான கடன் வட்டியில் 5 விழுக்காட்டுப் புள்ளியை ஏற்றுக்கொண்டது. விதி மாறும் தேதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு செய்த முன்னேற்பாடு இது; இத்துறையில் அப்படிப்பட்டவை அதிகமில்லை. கோட்டா முடிந்ததும் சீனச் சரக்கு பெருகியது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 2005லேயே சீனாவோடு தனி உடன்பாடு செய்து, முறையே 2007, 2008 இறுதிவரை அதன் ஆடைகளுக்கு மறுபடியும் வரம்பிட்டன. திருப்பூருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

நாணய மாற்று

அடுத்த அடி டாலரிலிருந்து வந்தது. 2007 தொடக்கத்தில் ஏறத்தாழ 44 ரூபாயாக இருந்த டாலர் ஆண்டு இறுதியில் 40க்கும் கீழே போயிற்று. 44 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்ட ஒரு லட்சம் டாலர் ஆர்டருக்கு 40 ரூபாய் வீதத்தில் பணம் வந்தால், நான்கு லட்சம் ரூபாய் காணாமல் போகும். பனியன் தொழிலின் மார்ஜினில் அது பெரும்பாலும் லாபம் முழுவதும்தான்.

இதற்கு எளிய தற்காப்பு ஃபார்வர்டு ஒப்பந்தம்: சரக்கு போகும் தேதிக்கான மாற்றுவீதத்தை வங்கியோடு இன்றே முடிவு செய்துகொள்வது. ஆனால் வங்கிகள் அதோடு நில்லாமல், சுவிஸ் ஃபிராங்க், ஜப்பானிய யென் ஆகியவற்றோடு பிணைத்த சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களையும் செலவில்லாத பாதுகாப்பு என்று சொல்லி விற்றன. டாலர் எதிர்த்திசையில் நகர்ந்தபோது, பல ஏற்றுமதியாளர்களுக்கு ஆண்டு வருமானத்தையும் மிஞ்சிய கடன் வந்து சேர்ந்தது. வழக்குகள் நடந்தன. டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 15 லட்சம் ரூபாய்தான்.

காப்பீடும் ஜாப் ஒர்க்கும்

வாங்குபவர் (பையர்) திவாலானாலோ, பணம் தராமல் இழுத்தடித்தாலோ, அவருடைய நாடு இறக்குமதியைத் தடை செய்தாலோ ஈடு தர, 1957இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் இப்போது இ.சி.ஜி.சி. என்ற பெயரில் இயங்குகிறது. தரம் சரியில்லை என்று பையர் தகராறு கிளப்பினால், அவர் நாட்டில் வழக்காடித் தீர்ப்புப் பெறும்வரை பொதுவாக ஈடு கிடைக்காது. சந்தை சரியும்போதுதான் பையர்களுக்கு ஓட்டைகளும் கறைகளும் அதிகம் தென்படும் என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வங்கி தரும் கடன்), டிராபேக் (ஏற்றுமதிக்குத் திருப்பித் தரப்படும் வரி), இ.சி.ஜி.சி. காப்பீடு மூன்றுமே ஏற்றுமதியாளரின் பெயரில் கிடைப்பவை. ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமாகிய ஷிப்பிங் பில்லில் பெயர் இல்லாத ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு அவற்றில் பங்கில்லை. குறு, சிறு நிறுவனத்துக்கான பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தராவிட்டால் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அடுத்த ஆர்டர் போய்விடும் என்று அஞ்சி முறையிடத் தயங்குவோரே மிகுதி.

2025ஆம் ஆண்டு நிலை

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கியது. இதைத் தாங்க உதவும் வகையில் நவம்பரில் மத்திய அரசு ஏற்றுமதியாளர்களுக்கெனக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது.